நக்கோ சொன்னவர்

குகட்பள்ளி மாடியறையில் ஞாயிறுதோறும் கூடி, நாங்கள் நாலைந்து பேர் சொந்தமாக ஒரு லினக்ஸ் இயங்குதளம் தொகுத்துக்கொண்டிருந்தோம். அதன் அடித்தளத்தில் எந்தெந்த மென்பொருள் இருக்கலாம் என்று முடிவுசெய்தவர் அந்தத் தெலுங்கு நகரத்தின் மாரெட்பள்ளியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஒவ்வொரு பெயரையும் கேட்டதும் கண்களை மூடிக்கொள்வார். மின்விசிறிச் சத்தத்துக்குள் எங்கோ போய்த் திரும்பி, வேண்டாமென்றால் அந்த ஊர் உருதுவில் "நக்கோ" என்பார், தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாத குரலில்.

நான் தமிழ் எழுத்துருவைச் சொன்னேன்.

"இது இல்லாட்டி மெஷின் எழுந்திருக்காதா?"

"எழுந்திருக்கும் சார். தமிழ் மட்டும் கட்டம் கட்டமாத் தெரியும்."

கண்களை மூடினார். வெளியே மழை வந்து, நின்றும்விட்டது.

"இருக்கட்டும்" என்றார்.

அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது என்று பிறகுதான் தெரிந்தது. மூடிய கண்களுக்குள் அன்று எந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ!