தலையணை உறைக்குள் ஒளித்த எலுமிச்சம்பழம்

அமெரிக்காவில் வேலை செய்யும் என் மகன், கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வாடகை வண்டியில் எங்களைக் கனடா வரை கூட்டிப்போனான். திரும்பக் கிளம்பிய அன்று, எங்கள் ஊர் அன்னூரில் செய்வது போலவே சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னேன். ஒன்றை மட்டும் அம்மனை வேண்டி, வழித்துணையாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

எல்லை நெருங்கியதும் மகன் கேட்டான்.

“ஏனுங்கம்மா, பழம் கொண்டுபோகக் கூடாதுங்க. ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?”

“ஒண்ணுமில்ல கண்ணு.”

சாமியை வேண்டி எடுத்து வைத்ததைக் குப்பையில் போட மனம் வரவில்லை. தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

அதிகாரி வண்டிக்குள் ஏறித் தேடி, அந்தப் பழத்தைக் கையில் எடுத்து வந்தார். மகன் தலை குனிந்து நின்றான். இரண்டு மணி நேரம் உட்கார வைத்து விசாரித்தார்கள். அவன் வேலைக்கே ஆபத்து வந்துவிடுமோ என்று எனக்கு உயிரே இல்லை.

“அம்மனுக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்திருக்கலாமே அம்மணி” என்றார் என் வீட்டுக்காரர். பிறகு மெதுவாகச் சொன்னார், “வண்டியில பழம் எதுவும் இல்ல, எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்னு அந்த ஆபீசர்கிட்ட உம்பையன் மொதல்லயே சொன்னான்.”

எச்சரித்து விட்டுவிட்டார்கள். மகன் திட்டவில்லை.

“சொல்லியிருந்தா நானே ஒரு மரத்தடியில பத்திரமா வெச்சுப்போட்டு வந்திருப்பனுங்களே” என்றான்.

இன்றும் அவன் எல்லை தாண்டும்போதெல்லாம் தனியே நிறுத்திச் சோதிக்கிறார்களாம். இப்போது பயணம் எதுவானாலும், யாரும் கேட்கும் முன்பே என் பையைத் திறந்து காட்டிவிடுகிறேன். வழித்துணைக்குப் பழம் எடுப்பதில்லை. கும்பிட்டுவிட்டு மட்டும் வண்டி ஏறுகிறேன்.