பூட்டு எடுத்த குழாய்

கோவில்பட்டியிலிருந்து புதூர் போகும் பஸ், வழியில் ஒரு கரிசல் ஊரில் நிற்கிறது. குழாயடியில் வெடி வெடிக்கிறார்கள். மடியில் தூங்கிய மகள் விழித்து அழுகிறாள். இவளைத் தூக்கிக்கொண்டு இந்த வெயிலில் கிளம்பியிருக்கவே வேண்டாமோ என்று மறுபடியும் நினைக்கிறேன்.

ஜன்னலோரம் செம்பும் கையுமாக ஓர் அம்மாள் வருகிறார். என்ன விசேஷம் என்று கேட்கிறேன்.

"எங்க ஊரு தனிப் பஞ்சாயத்து ஆயிட்டு தாயி! போன வருசம் மந்தையில கூடி, பொம்பளைகளும் கை தூக்கி முடிவு பண்ணினோம். நாங்களே வசூல் பண்ணி இந்தக் குழாயும் போட்டோம். பழைய பஞ்சாயத்துக்காரவ, உங்க கூட்டம் செல்லாதுன்னு குழாயைப் பூட்டிட்டாவ. இப்ப மெட்ராஸ்ல சட்டசபையே கூடி, நாங்க முடிவு பண்ணினது செல்லும்னு சட்டம் போட்டுட்டாவ!"

'பொம்பளைகளும்' என்பதை அழுத்திச் சொல்கிறார்.

இன்று காலைதான் பூட்டை எடுத்தார்களாம். முதல் தண்ணீர் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு.

மகளுக்கு நாக்கு வறண்டிருக்கிறது. ஃபிளாஸ்க்கில் நான் கொண்டுவந்த வெந்நீர் தீர்ந்துவிட்டது. காய்ச்சாத தண்ணீரைக் கொடுக்கலாமா? செம்பை வாங்கி வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறேன்.

"சட்டசபையே சரின்னு சொல்லிட்டு. நீ இன்னும் என்ன யோசிக்க?"

பஸ்ஸே சிரிக்கிறது. நானும் சிரித்துவிடுகிறேன். முதலில் நான் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். உப்பே இல்லை. பிறகு மகளுக்குப் புகட்டுகிறேன். அவள் செம்பை விடமாட்டேன் என்கிறாள்.

அந்த அம்மாள் குழாயடியில் நிற்கும் பெண்களைப் பார்த்துக் கையை உயரத் தூக்குகிறார்.

"ஏட்டி, பிள்ள குடிச்சிட்டு!"