செம்பாக்கம் நூலகத்தின் தேக்குக் கதவு

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அன்று நான் கட்டியிருந்த சேலை இன்னும் துவைக்காமல் பீரோவில் இருக்கிறது. இடுப்புவரை சேற்றுக் கறை. அது எப்படி வந்ததென்று யாராவது சொல்லட்டும், பிறகு பேசலாம்.

என் பெயர் ஜெரூஷா. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய நூலகத்துக்கு நூலகராக வந்தேன். அந்தக் கட்டடத்துக்கு அழகே வாசல் கதவுதான். பத்தடி உயரத் தேக்கு. நம் வட்டாரத்தின் கதையைக் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருந்தார்கள். ஏரி, பனங்காடு, பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு ஓடிய முதல் மின்சார ரயில். கடைசிக் கட்டத்தில் 2015 டிசம்பர் வெள்ளம். கோவளத்து மீனவர்கள் தெருவுக்குள் படகு ஓட்டி வந்து ஜனங்களை ஏற்றிக்கொள்ளும் காட்சி.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள். நல்ல மழை. சாயங்காலம் ஆறே கால் இருக்கும். உள்ளே தனியாகப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். சாரல் அடித்ததால் கதவை வெறுமனே சாத்தியிருந்தேன்.

கரண்ட் போனது.

டப்... டப்... டப்...

கதவுதான். வாட்ச்மேன் துரை என்று நினைத்தேன்.

"தொறந்துதான் இருக்கு. இழுங்கண்ணா!"

சத்தம் மட்டும் வேகமானது. உள்ளங்கையால் அறைகிற சத்தம்.

இருட்டில் தடவிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. வெளியே ஏதோ பெரிய பாரம் சாய்ந்திருப்பதுபோல...

செல்போன் அடித்தது. துரை.

"மேடம், மழைல மாட்டிகினேன். டீக்கடைல கீறேன். அங்க கரண்ட் கீதா?"

அப்படியானால் தட்டுவது யார்?

கால் சில்லிட்டது. தண்ணீர். கணுக்கால்... முழங்கால்... இடுப்பு. ஏரிச் சேற்றின் வாடை. போன் கைநழுவியது. அது தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

டப்... டப்...

இப்போது என் தலைக்கு மேலே.

வெளியே இல்லை.

உள்ளே. என் பக்கத்தில்.

"அண்ணா..."

பெண் குரல்.

"ஏசப்பா!" என்று அலறினேன்.

நின்றது.

விளக்கு எரிந்தது. தரை காய்ந்து கிடந்தது. கதவின் உட்பக்கம் முழுக்க ஈரக் கைத்தடங்கள். கீழிருந்து மேலே மேலே ஏறியிருந்தன. கடைசித் தடம் ஏணி வைத்தாலன்றி எட்டாத உயரத்தில்.

மறுநாள் விழா. அந்த வெள்ளத்தில் படகோட்டியவர்களுக்குச் சால்வை போட அழைத்திருந்தோம். லோகு என்ற மீனவர் மட்டும் வாசலோடு நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கண்ணா."

"வேணாம்மா. இங்க அப்போ ஒரு வூடு இருந்துச்சு. வாசலாண்ட போட்டை நிறுத்தினேன். உள்ளாற ஒரு அம்மா தட்டிகினே இருந்தாங்க. எவ்ளோ இழுத்தும் கதவு வரல. தண்ணி அந்த அழுத்து அழுத்துது. கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுடுச்சு."

மெல்லக் கேட்டேன். "அவங்க உடம்பு..."

லோகு கதவையே பார்த்தார்.

"தண்ணி வடிஞ்சதும் நாங்கதாம்மா வந்து அந்த வூட்டுக் கதவை ஒடச்சோம். ஜன்னலு பூரா இரும்புக் கம்பி. வேற வழியே கெடையாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள யாருமே இல்ல."