கால் மணி நேர இருட்டு

காலை ஒன்பது பத்து. சிட்னியின் புறநகரான வென்ட்வேர்த்வில்லில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. வாசலுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் கண்ணாடி. எதிர்வீட்டுக்காரர் கோட் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில், வெயிலே இல்லாத நேரத்தில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரொக்கெற் விட்டவர் ரெடி. பத்து மணிக்குக் கொண்டுபோய் விடுங்கோ," என்றார் அவர் மனைவி, என்னிடம்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாஸ்கோவுக்குப் படிக்கப் போனவர் அவர். அந்நாட்டுக் குடிமகனாகி, கனரக ராக்கெட்டுகள் கட்டும் தொழிற்சாலையில் இருபது வருடம் இருந்தார். எரிபொருள் டாங்குகளின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ராக்கெட் கட்டும் வேலை சைபீரியாவுக்கு மாறியபோது இருவரும் சிட்னி வந்தார்கள். நான்கு வருடமாக இங்கே ரொட்டி ஃபாக்டரியில் பாக்கெட் கட்டுகிறார். பழைய வேலைக்கான சான்றுக் கடிதம் மாஸ்கோவிலிருந்து வரவில்லை. கடிதம் இல்லாமலே எடுத்துக்கொள்ள ஒரே ஒரு கம்பெனி சம்மதித்தது. இன்று பத்து மணிக்கு அங்கே தேர்வு. ஒரு மணி நேரத்தில் பத்து எக்ஸ்ரே படங்களை வாசிக்க வேண்டும். குறைந்தது எட்டு சரியாக இருக்க வேண்டும். தவறினால் ரொட்டிதான்.

ரயில் பாதையை ஒட்டிய சாலையில் என் காரில் மெதுவாகப் போனோம்.

"தம்பி, சாமான் றெயின் போகுதோ?" கண்ணாடியை அவர் கழற்றவில்லை.

"ஆமா."

"ரொக்கெற்றும் இப்பிடித்தான் போறது. துண்டு துண்டாய், பெட்டிக்குள்ளை. தண்டவாளத்திலை கொண்டுபோகேலாத அகலத்திலை ஒண்டும் கட்டேலாது."

"அப்போ ராக்கெட் சைஸை முடிவு பண்றது ஸ்டேஷன் மாஸ்டரா?"

"ஓம். சந்திரனுக்கெண்டாலும் முதலிலை றெயினைப் பிடிக்கவேணும்."

பெட்டிகள் பனியிலிருந்து ஒவ்வொன்றாக வந்து பனிக்குள்ளேயே போயின. நீண்ட வெள்ளை டாங்க் ஒன்று, சக்கரங்கள் தெரியாமல், தரையைத் தொடாமல் மிதந்து போனது. கடைசிப் பெட்டி போன பிறகும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கூடவே வந்தது.

கம்பெனியில், தேர்வு நடத்திய பெண் பத்து மணிக்கு அவரை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். பத்தே காலுக்கு அந்தப் பெண்ணே என்னிடம் வந்து, உங்கள் நண்பர் தூங்குகிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். போய்ப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. கணினித் திரையும் அணைந்திருந்தது. முழங்கால்களில் கை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"கண்ணை இருட்டுக்குப் பழக்கிறன். கால் மணித்தியாலம். அங்கை இது இல்லாமல் படத்திலை கை வைக்க விடமாட்டினம்."

"அது ஃபிலிமுக்கு. இது கம்ப்யூட்டர். வெளிச்சத்தை நம்மளே ஏத்திக்கலாம்."

அவர் கண்ணைத் திறந்தார்.

"அவ மணிக்கூட்டை நிப்பாட்டினவவோ?"

"இல்ல."

"சரி. கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ."

விளக்கை அவர் போடவில்லை. கதவின் அடியில் சாம்பல் நிற ஒளிக்கீற்று ஒன்று தெரிந்தது. படம் மாறும்போதெல்லாம் அது மங்கி, பிறகு வெளுத்தது. வெளியே மூட்டம் கரைந்து, கார்கள் இருக்கும் இடங்களில் கார்கள் தெரியத் தொடங்கின.

பதினொரு மணிக்கு எட்டுப் படங்கள் முடிந்திருந்தன. இரண்டை அவர் திறக்கவேயில்லை. எட்டில் ஒன்றுகூடப் பிசகக் கூடாது.

அந்தப் பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விடைகளோடு ஒப்பிட்டார். மூன்று படங்கள் சரி. நான்காவதில், வெல்டிங்கின் ஓரமாக அவர் ஒரு கோடு குறித்திருந்தார். விடைத்தாளில் அது இல்லை. அவர் விரலால் இடத்தைக் காட்டினார். பெண் படத்தைப் பெரிதாக்கினார், இல்லை என்று தலையசைத்தார், இன்னும் பெரிதாக்கினார். பிறகு எழுந்து போய் விளக்கை அணைத்தார்.

வாசலில் நின்ற எனக்குத் திரையும் இரண்டு தலைகளும்தான் தெரிந்தன. விளக்கைப் போட்டதும், அந்தப் பெண் விடைத்தாளில் பேனாவால் ஒரு கோடு சேர்த்தார். மற்ற நான்கும் சரியாக இருந்தன.

திங்கட்கிழமையிலிருந்து அவர் ஸ்மித்ஃபீல்டில், அதே கம்பெனியில், மருத்துவமனைகளுக்குப் போகும் ஆக்சிஜன் டாங்குகளின் படங்களை வாசிக்கிறார்.