பாலத்து மேட்டில் எல் போர்டு

ஒரு காலைப்பொழுதில் நான் ஒரு பேருந்தையும் இரண்டு லாரிகளையும் ஒரு தீயணைப்பு வண்டியையும் முந்திக்கொண்டு ஆற்றுப் பாலம்வரை கார் ஓட்டியிருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். தீயணைப்பு வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. லாரிகளில் ஒன்று எதிரே வந்தது. ஆனால் அன்று என் பக்கத்து இருக்கையில் இருந்தவள் விஷயத்தில் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஊர் அவளுக்கு வைத்த பெயர் கிளட்சு அக்கா. கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றால் ஒரு பழைய வெள்ளைக் காரும் அதன் தலையில் ஒரு எல் போர்டும்தான். "கிளட்ச், கிளட்ச்" என்று அவள் போடும் சத்தத்தில் தெருநாய்கூடக் காலை எடுக்கலாமா வைக்கலாமா என்று யோசிக்கும். என் மகளைவிட இளையவள். ஊருக்கே அக்கா என்பதால் எனக்கும் அக்கா. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கார் ஓட்ட ஆசைப்பட்டுப் போய் நின்றேன். "பயப்படாம வாங்க டீச்சரம்மா, என் காலுக்கடியிலயும் ஒரு பிரேக் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அந்த நாட்களில் முதல் வகுப்பு யாருக்கோ, அந்த ஆள்தான் கணவரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போக வேண்டும். அதுதான் பாடம். அவர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வார். கிளம்புமுன் அவள் அவருடைய இடது முன்கையில், ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துவிட்ட இடத்தில், உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ரத்தம் அங்கே விறுவிறுவென்று அதிரும்.

"எஞ்சின் ஓடுது, கிளம்பலாம்."

"ஆயில் மாத்தத்தானே போறோம், மெதுவாவே போலாம்" என்பார் அவர்.

அவர் மெஷினோடு படுத்திருக்கும் நேரம் முழுக்க, ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே அவளுடைய மற்ற வகுப்புகள் நடக்கும். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஓடிவந்து கண்ணாடிச் சுவர் வழியே எட்டிப் பார்ப்பாள். அவர் ஊசி இல்லாத கையால் காற்றில் கியர் போட்டுக் காட்டுவார். மூன்றாவது கியர் என்றால் சுகம். நியூட்ரல் என்றால் தலை சுற்றுகிறது, நர்ஸைக் கூப்பிடு. எப்படித்தான் சமாளிக்கிறாயோ என்று நான் ஒருமுறை உருகியபோது, "நான் எங்க சமாளிக்கிறேன், நீங்கல்லாம்தானே ஓட்டுறீங்க. ரோட்டைப் பாருங்க" என்றாள்.

அன்று முதல் வகுப்பு எனக்கு. பாதி வழியில் அவளுடைய போன் அடித்தது. "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, வண்டியை நிறுத்தாதீங்க, விரட்டுங்க. கிட்னி கிடைச்சிருச்சு."

"யாருக்கு?" என்றார் அவர் பின்சீட்டிலிருந்து.

"பக்கத்து வீட்டுக்காரருக்கு. உங்களுக்குத்தாங்க. சீக்கிரம் போகலைன்னா அடுத்த ஆளுக்குக் கொடுத்துருவாங்களாம்."

வருடக்கணக்காகக் காத்திருந்த அழைப்பு. எங்கோ ஒரு வீட்டில் துக்கத்தின் நடுவே யாரோ சம்மதித்திருக்கிறார்கள். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். மேலே சொன்ன லாரியை முந்தியது அப்போதுதான். ஆஸ்பத்திரி காவலாளி எங்கள் காரைக் கண்டதும் வழக்கம்போல் வாசல் தடுப்புக் கட்டையைத் தூக்கினார். டயாலிசிஸ் வாசலில் கச்சிதமாக நிறுத்தினேன். அவர் தலையணையோடு இறங்கி இரண்டு அடி வைத்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, கிட்னி இங்கயா வருது?"

இங்கே வராது. அது ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறது. போனில் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவளும் காதால் கேட்டிருக்கிறாள். ஆனால் எங்கள் மூவருக்கும் ஆஸ்பத்திரி என்றால் இந்த வாசல்தான். விட்டால் ஓட்டுநர் இல்லாமலே அந்தக் கார் இங்கே வந்து நிற்கும்.

அவள் என்னை இறக்கிவிட்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். கார் தவளைபோல் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடியும் அதே துள்ளல்.

"கால் ஆடுது டீச்சரம்மா. கிளட்ச் நிக்க மாட்டேங்குது. நீங்களே எடுங்க."

"எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போற ரோட்டைத் தவிர வேற எதுவும் தெரியாதும்மா."

"இப்பவும் ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம்" என்றார் அவர், பின்கதவைச் சாத்திக்கொண்டே.

பாலத்து ஏற்றத்தில் நெரிசல். முன்னால் வரிசை நகர்ந்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் பின்னால் உருண்டது. பாலத்துக்குச் சற்று முன்னால் நான் முந்திவிட்டு வந்த பேருந்தின் மூக்கு கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. பதறி மிதித்தேன். எஞ்சின் அணைந்தது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. மேட்டில் வண்டி எடுக்கும் பாடத்துக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை. பாடம் சொல்ல வேண்டியவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். அந்த வாய் ஓய்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. வாழ்நாளில் ஸ்டீயரிங்கைத் தொடாத மனிதர்.

"ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் கியர். ஆக்சிலேட்டர் லேசா. இப்ப கிளட்ச், கிளட்ச், முழுசா விடாதீங்க. வண்டி மூக்கைத் தூக்கும் பாருங்க. தூக்கிருச்சா? ஹேண்ட்பிரேக்கை இறக்குங்க."

கார் ஏறியது. தண்ணீரில் போவதுபோல் ஏறியது.

அவள் கையை முகத்திலிருந்து எடுத்துத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எத்தனை பேருக்குக் கத்தியிருக்கே. எல்லாத்துக்கும் நான்தானே பின்னாடி உக்காந்திருந்தேன்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அடுத்த ஆளை அழைக்க நர்ஸ் போனைக் கையில் எடுத்துவிட்டாள். அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும்வரை அவர் காற்றில் கியரை மாற்றிக்கொண்டே போனார்.

வைத்த சிறுநீரகம் வேலை செய்யுமா என்பதை விடிந்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். விடிந்தது. குழாய் வழியே சிறுநீர் இறங்கியது, ஒரு வாளி நிறைய. நர்ஸ் வந்து சொன்னபோது கிளட்சு அக்கா தூண்போல் அசையாமல் நின்று, "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

இதுவரை எழுதியதைக் கண்ணாடிக் கடையில் வைத்து இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் ஏதோ ஒரு பிரேமுக்குத் திருகாணி முடுக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"வாளியெல்லாம் இல்ல டீச்சரம்மா. அரை கப்புதான். அதைப் பார்த்துட்டு நான் நிக்கவும் இல்ல, நன்றியும் சொல்லல. வராந்தாவிலேயே கீழ உக்காந்துட்டேன். என்னை எழுப்ப ரெண்டு பேர் வரவேண்டியிருந்துச்சு. அப்படியே எழுதுங்க."