மாமா வீசிய தோர்த்து

சிவப்புக் கரை போட்ட அந்தத் தோர்த்து இன்னும் மாமா வீட்டுக் கொடியில்தான் கிடக்கிறது. துவைத்துத் துவைத்துக் கரை வெளுத்துப்போன மெல்லிய துண்டு. மாமா அதைத் தோளில் போடுவதை நிறுத்திப் பல வருடங்களாகின்றன. வியர்வை துடைக்கக்கூட வேறு துணியைத்தான் தேடுவார். பழந்துணிக்கு இவ்வளவு மரியாதையா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் அத்தை பேச்சை மாற்றிவிடுவாள். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! அது மாமா தனக்குத்தானே போட்டுக்கொண்ட தண்டனை. தண்டனை போக வேண்டிய இடம் வேறு என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவர் காதில் ஏறியதே இல்லை.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். கடல் தொழில். அவர் மகளும் நானும் நாகர்கோவிலில் ஒரே பள்ளி, ஒரே விடுதி. அங்கே டென்னிஸ் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்துவிட்டார். அவள் பின்னால் நின்று அடிப்பாள். நான் நெட்டை ஒட்டி நின்று முடிப்பேன். ஆட்டத்துக்கு நடுவே நாங்கள் பேசிக்கொள்கிற கடற்கரைத் தமிழ் எதிரில் நிற்கும் பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது, மலையாளம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியே ஜெயித்து ஜெயித்து, சென்னையில் நடந்த பெரிய ஜூனியர் போட்டியில் பெண்கள் இரட்டையர் அரையிறுதி வரைக்கும் போய்விட்டோம். இறுதி ஆட்டத்துக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் உறுதி என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். எனக்கு அது பெரிய விஷயமில்லை; அப்பாவுக்குத் தக்கலையில் அரசாங்க வேலை, எப்படியும் படிக்க வைத்திருப்பார். அவளுக்கு அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து ஆட்டக்காரர்களுக்குச் சைகை காட்டக்கூடாது என்பது அப்போது விதி. மாஸ்டரோ தொப்பியை வைத்தே ஒரு பாஷை வைத்திருந்தார். முன்னால் இழுத்தால் உடம்பைப் பார்த்து சர்வ் போடு, காதோரம் தொட்டால் முன்னுக்கு ஓடு. அன்றைக்கும் தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டேதான் இருந்தார். அதைப் பார்த்துவிட்டு எதிரணிப் பிள்ளையின் அம்மா கத்த, நடுவர் எங்களுக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்தார். இன்னொரு தடவை நடந்தால் ஒரு புள்ளி போய்விடும். மாஸ்டர் உடனே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பூனை மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் மாமா. மகள் ஆடுவதை அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார். ஆட்டத்தின் தலையும் தெரியாது, காலும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது கரையில் நிற்கிற வழக்கம். வள்ளம் கரை பிடிக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் எழும்பும் அலை சரியாகத் தெரியாது. கரையில் நிற்கும் ஒருவர் துணியைத் தாழ்த்திப் பிடித்தால் பொறு என்று அர்த்தம், தலைக்கு மேலே சுழற்றினால் ஏறி வா. எங்கள் ஊரில் யாருடைய வள்ளம் வந்தாலும் மாமா கை தானாகத் தோர்த்துக்குப் போய்விடும்.

கடைசியில் ஆட்டம் கத்தி முனையில் வந்து நின்றது. எதிரணிக்கு இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் போதும். நாங்களும் தொட்டுவிடும் தூரத்தில்தான் இருந்தோம். அவள் சர்வ் போட வேண்டும். பதற்றத்தில் அவசரம் அவசரமாகப் பந்தைத் தட்டினாள். மாமா சட்டென்று எழுந்தார். தோளிலிருந்த தோர்த்தை உருவி இரண்டு கையாலும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, பைய! அல கழியட்டும்!" என்று கத்தினார்.

எதிரணி அம்மா மறுபடியும் பாய்ந்துகொண்டு எழுந்தார். ஆட்டம் நின்றது. தலைமை நடுவர் உள்ளே வந்து, "யார் இவர்?" என்று மாஸ்டரிடம் கேட்டார். மாஸ்டர் மாமாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியாது சார். வேடிக்கை பாக்க வந்த ஆளா இருக்கும். எங்களுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது." காலையில் அதே மாமா வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்த வாய் அது! நடுவர் எங்கள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இவரைத் தெரியுமா?" தெரியாது என்றால் யாரோ கத்தினார்கள் என்று விட்டுவிட்டு ஆட்டம் தொடரும். அதற்குள் மாமாவுக்கும் ஏதோ விளங்கிவிட்டது. தோர்த்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மகளைப் பார்த்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். மாஸ்டர் கண்ணை உருட்டினார். நான் வாயைத் திறக்குமுன் அவள் சொல்லிவிட்டாள்.

"எங்கப்பா சார்."

அவ்வளவுதான். புள்ளி அவர்களுக்கு. சர்வ் போட எடுத்த பந்து அவள் கையிலேயே இருந்தது; ஒரு பந்துகூட எழும்பாமல் ஆட்டம் முடிந்தது. வெளியே வந்ததும் மாஸ்டர் அவளைப் பிடிபிடியென்று பிடித்தார். "ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போவும்?" அடுத்த பருவத்தில் எனக்கு வேறு ஜோடி பார்த்தார், நான் ராக்கெட்டைத் தொடவே இல்லை. கல்லூரி இடம் கைவிட்டுப் போனது. இப்போது அவள் குவைத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பிள்ளை டென்னிஸ் வகுப்புக்குப் போகிறதாம். பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போவது இவள்தான்.

பிறகு நான் விளையாட்டு ஆசிரியையானேன். போன மாதம் என் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஜூனியர் போட்டிக்குப் போயிருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் அறிவித்தார்: பயிற்சியாளர்கள் வெளியிலிருந்து சைகை காட்டலாம், விதியை மாற்றிவிட்டார்களாம். இதை அன்றைக்கே மாற்றியிருக்கக்கூடாதா! பரிசு கொடுக்க வந்திருந்தவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் எங்கள் மாஸ்டர்தான். பொன்னாடையும் மாலையுமாக என்னை அடையாளம் கண்டு சிரித்தார். "ஒனக்க மாமா ஒரு தோர்த்த வீசி எல்லாத்தையும் கெடுத்தாரே, நெனப்பிருக்கா?" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார், பாவி மனுஷன்! "சார், ஒங்க தொப்பி எங்க?" என்று கேட்டேன். "இப்ப யாரு வெயில்ல நிக்கா, எல்லாம் மேடதான்" என்று சிரித்தபடி நகர்ந்துவிட்டார்.

ஆத்திரம் அடங்காமல் நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அறுந்த வலைக்கண்களைப் பின்னிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். "விதியே மாறிட்டு மாமா. இனி வெளியில இருந்து காட்டலாம். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. இனியாவது அந்தத் தோர்த்த எடுத்துத் தோள்ல போடுங்க."

மாமா வலையைக் கீழே வைத்தார். "வீசுனதுக்கா மக்கா நான் அதத் தொடாம இருக்கேன்? தெரியாதுன்னு சொல்லிரு மக்களேன்னு மாதாவ வேண்டிக்கிட்டுத்தான் நின்னேன். அவ எங்கப்பான்னு சொன்னா பாத்தியா, அப்போ எனக்குச் சந்தோசமா இருந்து. பிள்ளைக்க வாழ்க்க கண்ணு முன்னால போவுது, தகப்பன் நின்னு சந்தோசப்படுதேன்."

எழுந்து போய்க் கொடியிலிருந்த தோர்த்தை எடுத்தார். உதறினார். மறுபடியும் அதே இடத்தில் போட்டார்.