ரோச்சும் பெடல் இல்லாத சைக்கிளும்

ஒரு ஆள் தள்ளாடி நடந்து வந்தால் நம்முடைய ஜனங்களுக்கு வேறு யோசனையே வராது. விடிந்ததும் ஏற்றிவிட்டான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். தூத்துக்குடி கடற்கரைத் தெருக்களில் ரோச்சைப் பற்றி அப்படித்தான் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் மனிதர் கல்யாண வீட்டில்கூட கலர் சோடா மட்டும் குடித்துவிட்டு எழுந்து வருகிற ஆள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பிடிக்கச் சுவர் இல்லாத இடம் வந்தால் நின்று, கண்ணை மூடி, மாதாவை ஒரு முறை கூப்பிட்டுவிட்டு அப்புறம் காலை எடுத்து வைப்பார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவனிடம் போய்க் காதைத் திறந்து காட்டவா முடியும்?

வியாதி காதில்தான் இருந்தது. ரோச் சங்கு குளிக்கிறவர். நடுக்கடலில் படகை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தரைவரைக்கும் போய், மணலில் புதைந்து கிடக்கிற சங்கைக் கையால் தடவி எடுத்து வருகிற தொழில். ஒரு மாசி மாதம் நல்ல சளி பிடித்திருந்தது. சளியோடு குளிக்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும், படகில் வந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத் தண்ணீர் அப்படித் தெளிந்து கிடந்தது. தெளிந்த தண்ணீரைப் பார்த்துவிட்டால் குளிக்கிறவனுக்குப் புத்தி வேலை செய்யாது. இறங்கிவிட்டார். பாதி ஆழத்தில் இடது காதுக்குள் ஏதோ வெடித்தது. அதோடு மேல் எது கீழ் எது என்ற கணக்கே போயிற்று. மேலே வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு தரையில் போய் முட்டினார். பிடித்து வைத்திருந்த மூச்சைக் கொஞ்சம் விட்டுப் பார்த்து, குமிழி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே நீந்தி வந்து உயிர் பிழைத்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பொறுமையாகச் சொன்னார். காதுக்குள்தான் ஆளை நிமிர்த்தி நிறுத்துகிற சாமான் இருக்கிறதாம், அது ஒரு பக்கம் கெட்டுவிட்டதாம். மருந்து பாதிதான் செய்யும், மீதியை உடம்பே பழகிக்கொள்ள வேண்டும், படுத்துக் கிடந்தால் பழகாது, இனிமேல் கடலுக்குள் இறங்கவே கூடாது. ரோச் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டியதிலேயே கிறுகிறுத்து மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

கடல் போனதுகூட அவருக்குப் பெரிய துக்கமில்லை. ஒரு சங்கு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் சங்கைக் கழுவித் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை. துக்கம் வேறு இடத்தில் இருந்தது. தலைசுற்றல் கொஞ்சம் அடங்கிய தைரியத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மகள் பனிமலரை சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனார். நாலு வயதுப் பிள்ளை. முச்சந்தியில் பஸ் வருகிறதா என்று தலையைத் திருப்பினார், அவ்வளவுதான், தெருவே சுழன்றது. எழுந்து பார்த்தால் பிள்ளையின் தாடையில் ரத்தம்.

தையல் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு அவர் மனைவி ஜெனோவா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குசினியில் நின்று சோற்றை வடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இனிமே பிள்ளைய நீங்க எங்கயும் கூட்டிட்டுப் போவண்டாம்."

ரோச் சரி என்றார். வேறு என்ன சொல்வது? ஜெனோவா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். போகிற வழியில் அவளே பிள்ளையை ஆட்டோவில் பள்ளிக்கூடத்தில் விட்டாள். ரோச் வாசலில் நின்று கையாட்டினார். பெற்ற பிள்ளையைத் தெருமுனைவரை கூட்டிப் போகத் தகுதியில்லாத தகப்பன் என்று அவருக்கு அவரே பெயர் வைத்துக்கொண்டார். ஒருநாளாவது அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும், ஜெனோவா அதற்குச் சம்மதிக்க வேண்டும். அந்த வருஷம் முழுவதும் பனிமய மாதா கோயிலில் அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். பனிமலரோ சக்கரம் வைத்த எதைக் கண்டாலும் அலறினாள். ஆட்டோவில்கூட அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் போவாள்.

அந்தப் பாலர் பள்ளியை நடத்தியது ஈவாஞ்சலின் டீச்சர், பக்கத்து நாசரேத் ஊர்க்காரி. குரலை உயர்த்தாமலே ஊரை வேலை வாங்குகிற வகை. சிங்கப்பூரிலிருந்து அவள் அண்ணன் பெடலே இல்லாத ஒரு குட்டி சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். பிள்ளைகள் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நடக்க வேண்டும். நடை ஓட்டமாகும். ஓட்டத்தில் காலைத் தூக்கினால் சைக்கிள் தானாக மிதந்து போகும். விழாமல் நிற்பதை முதலில் படித்துவிட்டால் மிதிப்பது ஒரு பொழுதில் வந்துவிடும். ஒரு சைக்கிளை வைத்துக்கொண்டு இத்தனை பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று, டீச்சர் பழைய குட்டி சைக்கிள்களாகத் தேடிச் சேர்த்து, சைக்கிள் ரிப்பேர் செய்கிற லிங்கராஜ் அண்ணாச்சி கடையில் பெடலையும் செயினையும் கழற்றி, சீட்டை இறக்கச் சொன்னாள்.

"ஓட்டைச் சைக்கிளுக்குப் பெடல் மாட்ட வருவாங்க டீச்சர். ஓடுத சைக்கிளுல பெடலைக் கழத்தச் சொல்லுத மொத ஆளு நீங்கதான்" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் கழற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால், வலை காயப்போடுகிற சிமெண்டுத் தளத்தில் வகுப்பு நடக்கும். பெற்றவர்களில் ஒருவர் கூட வர வேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஜெனோவாவுக்குச் சனிக்கிழமை வேலை. "நான் நடந்து போறேன். அவள ஆட்டோவுல அனுப்பு. நான் அவ கையக்கூடப் பிடிக்க மாட்டேன்" என்று ரோச் கேட்டுக்கொண்டார். அப்படிக் கேட்கிற நிலைமை ஒரு தகப்பனுக்கு வரக் கூடாது. வந்தது.

முதல் வாரம் பனிமலர் சைக்கிளைத் தொடவேயில்லை. அப்பாவின் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள். டீச்சருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பிள்ளைகள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், ஆனால் காலைத் தூக்கினால் சைக்கிள் உடனே நின்றுவிடுகிறது. லேசான சரிவு இருந்தால்தான் மிதக்கும். தூத்துக்குடியில் சரிவுக்கு எங்கே போவது? உப்பு விளையட்டும் என்று ஆண்டவரே மட்டமாக இழைத்து வைத்த ஊர்.

"ஆடி பொறக்கட்டும் டீச்சர். கச்சான் அடிக்கும்லா, மேக்கத்திக் காத்து? மேக்க இருந்து கெழக்க விடுங்க, அது தள்ளும்" என்றார் ரோச்.

ஆடி பிறந்தது. காற்று வந்தது. கடலுக்குப் போகிறவர்கள் எல்லாம் அதைத் திட்டிக்கொண்டு கரையில் கிடந்த நேரத்தில், சின்னப் பிள்ளைகள் முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு தளத்தின் அந்தக் கோடிக்குப் போனார்கள். பனிமலரும் ஒருநாள் சுவரிலிருந்து இறங்கினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இரண்டு கால்களும் தரையில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் ஊன்றிக்கொள்ளலாம் என்பதை அவளே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள். டீச்சருக்கு ஒரே ஒரு சட்டம்தான், யாரும் சீட்டைப் பிடிக்கக் கூடாது. ரோச்சுக்கு அது வசதியாகப் போயிற்று. அவர் பிடித்தால் பிள்ளையும் சேர்ந்தல்லவா விழும்!

டீச்சர் அவரையும் சும்மா விடவில்லை, காலைத் தூக்குகிற இடத்தில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னாள். அங்கேதான் ரோச் தவறு செய்தார். சங்கு குளிக்கிறவனைத் தவிர யாரும் செய்ய முடியாத தவறு. ஆயுசு முழுக்க அவர் ஆபத்தான எந்தக் காரியத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்திருக்கிறார். பிள்ளைகளுக்கும் அதையே சொன்னார்.

"மூச்சைப் பிடிங்க! நல்லாப் பிடிச்சிக்கிட்டுக் காலைத் தூக்குங்க!"

பிள்ளைகள் சொன்ன சொல் தட்டவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, தோளை இறுக்கிக்கொண்டு, கண் பிதுங்கக் காலைத் தூக்கினார்கள். வரிசையாக விழுந்தார்கள். போன வாரம் மிதந்து போன பிள்ளைகள்கூட விழுந்தார்கள். அபிலாஷ் என்று ஒரு குட்டிப் பயல் மட்டும் விழுந்த பிறகும் மூச்சை விடாமல் கிடந்தான். டீச்சர் ஓடிவந்து அவன் முதுகில் தட்டினாள்.

"ரோச் அண்ணே, இது கடல் இல்ல. மூச்சைப் பிடிச்சா உடம்பு கட்டையாப் போயிரும், சாயுத பக்கம் வளைஞ்சு கொடுக்காது. விடச் சொல்லுங்க."

ரோச்சுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வாரம் முழுக்கச் சங்கு கழுவுகிறபோதும் சாப்பிடுகிறபோதும் அதையே நினைத்தார். தலை சுற்றும்போதெல்லாம் தான் என்ன செய்கிறோம் என்று கவனித்துப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்தால் பிடிக்கிறார், திரும்பினால் பிடிக்கிறார், தெருவைக் கடந்தால் பிடிக்கிறார். கடலடியில் அவரைக் காப்பாற்றியதே விட்ட மூச்சுதான், அது எப்படி மறந்து போயிற்று என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரம் அவரே ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். காலைத் தூக்கியதும் திருச்செந்தூர் பஸ் கண்டக்டர் மாதிரி ஊர் பெயர்களைக் கூவிக்கொண்டே போக வேண்டும். கூவுகிறவன் மூச்சைப் பிடிக்க முடியாதல்லவா? முத்தையாபுரம், பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு மிதந்தார்கள். பனிமலர் முதலில் முத்தையாபுரத்திலேயே காலை ஊன்றிவிடுவாள். ஒருநாள் ஆத்தூர்வரைக்கும் போய்விட்டு, எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியாமல் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ரோச் சுவரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று அவர் சொன்னதை டீச்சர் நம்பினதாகக் காட்டிக்கொண்டாள்.

அன்றைக்குப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் டீச்சர் சாதாரணமாகச் சொன்னாள். "அண்ணே, ஒங்க சைக்கிளையும் கொண்டாங்க. டாக்டர் பழகச் சொன்னாருன்னியளே."

ரோச் தன் பெரிய சைக்கிளை உருட்டிக்கொண்டு லிங்கராஜ் அண்ணாச்சி கடைக்குப் போனார். அண்ணாச்சி இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. பெடலைக் கழற்றி, சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பெடலையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வச்சிக்கிடுங்க ரோச்சு. மாட்டுத அன்னைக்கு நான்தான் மாட்டுவேன்."

நாற்பது வயது ஆம்பிளை பெடல் இல்லாத சைக்கிளில் சின்னப் பிள்ளைகளோடு உந்திக்கொண்டு போவதைப் பார்க்கக் கடற்கரையே கூடியது. காற்றுக் காலம், ஒருவனுக்கும் வேலையில்லை. "ஏலே ரோச்சு, அடுத்த வருசம் யூகேஜியா?" என்று நேசக்குமார் கேட்டான். கூட்டாளி, ஒரே படகில் குளித்தவன். ரோச் உந்திக்கொண்டே போனார். முதல் நாள் இரண்டு தடவை விழுந்து, ஓரமாய்ப் போய் வாந்தி எடுத்தார். அடுத்த வாரமும் விழுந்தார். ஆனால் வந்தார். தலையைத் திருப்புகிறபோது உலகம் சுழலத் தொடங்கும், காலை ஊன்றுவார், நிற்பார், மறுபடியும் உந்துவார். ஒருநாள் பாதியில் அவர் விறைத்துப் போனதைப் பின்னால் வந்த பனிமலர் கண்டுவிட்டாள்.

"அப்பா, மூச்ச விடுங்க! பழையகாயல் சொல்லுங்க!"

"பழையகாயல்!" என்று கத்தினார் ரோச். கத்திக்கொண்டே தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். உலகம் சுழலவில்லை. முக்காணி என்றார், ஆத்தூர் என்றார், காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. திருச்செந்தூர் வந்தபோது தளம் முடிந்துவிட்டது. கேலி செய்துகொண்டிருந்த நேசக்குமார்தான் முதலில் கை தட்டினான்.

அதற்குப் பிறகும் மாதங்கள் பிடித்தன. அண்ணாச்சி தன் கையாலேயே பெடலை மாட்டினார். ரோச் தினமும் கிட்டங்கிக்குச் சைக்கிளில் போய்வந்தார். சாயங்காலம் கோயில் வாசலில் நின்று மாதாவுக்கு நன்றி சொன்னார். டீச்சர் வீட்டுக்கு நல்ல பாறை மீன் கிடைக்கிறபோதெல்லாம் கொண்டு போனார். "எதுக்கு அண்ணே இதெல்லாம்?" என்று அவள் கேட்பாள். நீங்க சீட்டைப் பிடிக்காம விட்டதுக்கு என்று ஒருநாள் சொன்னார். வீட்டில் மட்டும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. போகவேண்டாம் என்று சொன்னவள் போகலாம் என்று சொல்கிறவரைக்கும் கேட்பதில்லை என்று இருந்தார். ஜெனோவாவும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் தாடைத் தழும்புக்குத் தினமும் பவுடர் போட்டு விடுகிறவள் அவள்தானே, அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது!

ஜூன் மாதம் பனிமலருக்கு ஒன்றாம் வகுப்பு. பெரிய பள்ளிக்கூடம் நாலு தெரு தள்ளி, பஸ் வராத வழியில்தான். ரோச் விடியுமுன்னே எழுந்து சைக்கிளைத் துடைத்தார். கேரியரில் பழைய தலையணை ஒன்றை மடித்துக் கட்டினார். கட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வாசலில் நின்றார். ஜெனோவா வெளியே வந்து தலையணையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"மெதுவாப் போவணும்" என்றாள்.

ரோச் மகளைத் தூக்கி உட்காரவைக்கத் திரும்பினார். அவள் அங்கே இல்லை. வீட்டுப் பக்கவாட்டிலிருந்து பாலர் பள்ளி முடிந்தபோது டீச்சர் அவளுக்கே கொடுத்துவிட்ட குட்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள், அதிலும் இப்போது பெடல் இருந்தது.

"நான் எதுக்குப் பின்னால ஒக்காரணும்? நான்தான் ஓட்டுவேன்லா!" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டாள்.

ரோச் கேரியரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வருஷம் முழுக்க மன்றாடிக் கேட்டது கைக்கு வந்த நேரத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டாள். வருத்தமா சந்தோஷமா என்று அவருக்கே விளங்கவில்லை. விழுந்து தாடை கிழிந்த பிள்ளை, ஆட்டோவில் முகத்தைப் புதைத்த பிள்ளை, அதோ தெருவில் மணி அடித்துக்கொண்டு போகிறது. இதற்குமேல் என்ன கேட்பது என்று நினைத்தார்.

பின்சக்கரம் லேசாக அமுங்கியது. திரும்பினார். ஜெனோவா சேலையை ஒதுக்கிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துத் தலையணையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"பிள்ள முன்னால போயிட்டா. நீங்க மிதிங்க."